ரவுட்டர் ஒலியைக் கூட்டாது, குறைக்காது

கேள்வி: காரைக்குடியில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிறேன். பழைய 16க்கு 16 எஸ்டிஐ ரவுட்டரும் (உள்ளே வரும் 16 டிஜிட்டல் படங்களில் எதையும் 16 வெளிவழிகளில் எதற்கும் திருப்பும் பெட்டி), அதற்கு ஜோடியான அனலாக் ஆடியோ ரவுட்டரும் வாங்கினேன். வளவில் நடக்கும் கல்யாணத்தை நேரலையில் காட்டும்போது மிக்ஸர் சத்தம் கரகரக்கிறது. பிளேயருக்கு மாறினால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது. சில சமயம் படம் மாறினாலும் சத்தம் மாறுவதில்லை. விற்றவர் இன்னொரு கார்டு போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் கோளாறு எதுவும் கார்டில் இல்லை.

கடைசிக் கோளாறு சுலபமானது. ரவுட்டர் மெனுவில் 'லெவல்' என்பது சத்த அளவு அல்ல, அடுக்கு. படம் ஒன்றில், இடது, வலது ஒலிகள் அடுத்த இரண்டில். சத்தம் மாறாத அந்த சோர்ஸுக்குப் பட அடுக்கில் மட்டும் எண் கொடுத்திருப்பார்கள். மூன்றிலும் கொடுங்கள்.

இனி சத்தம். அனலாக் ரவுட்டர் உள்ளே வந்ததை அப்படியே வெளியே தள்ளும். மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள ஒலி இணைப்பு) தரும் சத்த அளவு பிளஸ் 4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். பிளேயரின் ஆர்சிஏ (வீட்டுக் கருவிகளில் உள்ள நடுமுனை, ஷீல்டு மட்டும் கொண்ட இணைப்பு) தருவது மைனஸ் 10 டிபிவி, 0.316 வோல்ட். ஏறக்குறைய 12 டெசிபல் பள்ளம். அதை ரவுட்டருக்கு முன்பே நிரப்புங்கள்: பிளேயருக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஆர்சிஏ-எக்ஸ்எல்ஆர் லெவல் மாற்றும் சின்ன ஆம்ப் ஒன்று போதும்.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் சவுண்ட் சர்வீஸ்காரர் கொடுக்கும் மெயின் அவுட். கூட்டத்துக்காக அவர் ஃபேடரை (சத்தம் கூட்டும் தள்ளுகட்டையை) ஏற்றினால் உங்கள் சத்தமும் ஏறும். ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ், அதாவது ஃபேடருக்கு முன்பே பிரியும் தனி அவுட் கேளுங்கள். முகம் சுளித்தாலும் விடாதீர்கள். அதில் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை பிளஸ் 4-ல் அனுப்பச் சொல்லி என்கோடர் (ஒளிபரப்புக்காகப் படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாகச் சுருக்கும் பெட்டி) மீட்டரைப் பாருங்கள். அதில் பூஜ்யம்தான் உச்சி. மைனஸ் 20 காட்டினால் சரி. மைனஸ் 14 காட்டினால் அந்த என்கோடர் பிளஸ் 18 டிபியுவிலேயே நிரம்பிவிடும். அதன் இன்புட்டை 6 டெசிபல் குறையுங்கள். பிறகு 'ஹலோ, ஹலோ' வேண்டாம், மேளக்காரர்களை ஒரு நிமிடம் முழுவீச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். திருப்பூட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தில்தான் மீட்டர் உச்சியில் முட்டும்.

ரவுட்டரிலிருந்து ஆர்சிஏ ரெக்கார்டருக்குப் போகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. எக்ஸ்எல்ஆரின் பின் 2 ஆர்சிஏ நடுமுனைக்கு, பின் 1 ஷீல்டுக்கு. சிக்கல் பின் 3-ல்தான். அவுட்புட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 3-ஐ 1-உடன் சேர்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒலி மெலிந்து சன்னமாகக் கேட்கும். சாதாரண எலக்ட்ரானிக் அவுட்புட் என்றால் 3-ஐத் திறந்தே விட வேண்டும். சேர்த்தால் ஐசி சூடாகும், ஒலி சிதையும். எலக்ட்ரானிக்கிலும் சில வகைகளின் கையேடு சேர்க்கத்தான் சொல்லும். கையேடு இல்லையா? 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவே போட்டுவிடுங்கள். கடையில் தொங்கும் ரெடிமேட் எக்ஸ்எல்ஆர்-ஆர்சிஏ கேபிளில் பெரும்பாலும் 3-ம் 1-ம் சேர்த்தே இருக்கும், விற்பவருக்கே தெரியாது.

கேபிளிலும் ஏமாற்று உண்டு. முகப்பிலிருந்து பின்கட்டுக்கு இழுக்க 'ஆர்ஜி 6 ஒரிஜினல்' என்று சுருளை நீட்டுவார்கள். முனையைச் சீவி, நடுக்கம்பியை வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகம் வெள்ளையாகத் தெரிந்து காந்தம் ஒட்டினால் அது செம்புப் பூச்சிட்ட இரும்பு. டிஷ்ஷுக்குப் போதும், எஸ்டிஐக்கு ஆகாது, நீளம் கூடக்கூடப் படம் பொரியும். முழுச் செம்பு, 75 ஓம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும் நம் வழக்கத்தில் இந்த இரும்புதான் எப்போதும் ஜெயிக்கிறது.

மிக்ஸரை இணைத்ததும் 'ம்ம்' என்று இரைந்தால், அது எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த்தும் கேபிள் வழியே ஒரு சுற்றாகச் சேர்வது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மரையே ஆடியோ வழியில் போட்டால் இரைச்சல் அடங்கும்.