சுழியோடியின் முகம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. திருகோணமலை உவர்மலையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கைப்பேசியில் விளையாடுகிற ஒரு கேம் செய்கிறோம். கதை ஒரு சுழியோடியைப் பற்றியது. கோணமலைக்குக் கீழே கடலடியில் கிடக்கிற கோயில் தூண்களுக்குள்ளே இறங்கி, ஒவ்வொரு பொருளாகத் தேடிக் கரைக்குக் கொண்டு வருவான். இரண்டு பாகம் வந்துவிட்டது. அவன் முகத்தில் எப்போதும் சுழியோடிக் கண்ணாடி இருக்கும், வாயில் குழாய். கரைக்கு வந்தாலும் கழற்ற மாட்டான். உண்மையைச் சொன்னால், எங்களில் ஒருவருக்கும் முகம் வரைய வராது. அதனால்தான் அப்படி வைத்தோம்.

இப்போது விளையாடுகிற எல்லோரும் "அவன்ட முகத்தைக் காட்டுங்கோ" என்று கேட்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் காட்டுவோம் என்று இருவர், கூடவே கூடாது என்று இருவர். கூடாது என்கிற நண்பன் ஹேலோ என்ற கேமை இழுக்கிறான். கேமில் இருபது வருடமாக மூடி வைத்த நாயகனின் முகத்தை ரிவி தொடரில் முதல் நாளே திறந்து கெடுத்துவிட்டார்கள் என்பது அவன் கட்சி. நான் காட்டலாம் என்ற பக்கம். முதல் பாகத்தில் கரையில் நிற்கிற ஒரு அம்மா அவனைப் பார்த்து, "தம்பி, நீ ஆற்ற (யாருடைய) பிள்ளை?" என்று கேட்பார். அவன் பேசாமல் திரும்பிக் கடலுக்குள் இறங்கிவிடுவான். எல்லாருக்கும் பிடித்த இடம் அது. நீங்கள் கேம் விளையாடுகிறவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் அண்ணா, மற்ற மூன்று பேரும் சண்டைக்கு வருவார்கள்.)

*

அன்புள்ள தம்பி,

முகம் வரைய வராததால் மூடினோம் என்ற வரியை வாசித்துச் சிரித்துவிட்டேன். வெட்கப்பட வேண்டாம். மேடையில் எத்தனையோ திரை, பின்னால் சாமான் இல்லாததால் தொங்கியதுதான்.

முதலில் உங்கள் நண்பனின் ஹேலோ. நான் அதை விளையாடியது சமாதான காலத்தில். எக்ஸ்பொக்ஸில் 2001-இல் வந்த கேம், கொம்பியூட்டருக்கு 2003-இல் வந்தது. எங்களுக்குக் கிடைத்தது கள்ள சீடி. உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கொமியூனிகேசன் கடையின் பின்னறையில், கடை பூட்டிய பிறகு, மூன்று பேர் முறை வைத்து விளையாடினோம். பச்சைக் கவசம், தங்க நிறக் கண்ணாடி போட்ட ஹெல்மெற், பெயர் மாஸ்டர் சீஃப். விளையாடும்போது அவனை நீங்கள் பெரும்பாலும் பார்க்க மாட்டீர்கள். திரைதான் அவனுடைய ஹெல்மெற்றின் உட்பக்கம். துவக்கைப் பிடித்த கை மட்டும் தெரியும். வண்டி ஓட்டும்போதும் இடையில் வருகிற காட்சிகளிலும்தான் அவனை வெளியில் இருந்து பார்க்கலாம்.

கடைசிக் காட்சியில் அவன் இரண்டு கையையும் தூக்கி ஹெல்மெற்றைக் கழற்றுவான். கமரா மெதுவாக மேலே போய்விடும். ஹெல்மெற் கழன்றது தெரியும், முகம் தெரியாது. "டேய், கமராவ இறக்கடா" என்று கடைக்காரப் பொடியன் திரையைப் பார்த்துக் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கதைக்குள்ளே அவன் முகம் ஒரு ரகசியமே இல்லை. பெயர் ஜோன், ஆறு வயதில் படைப் பயிற்சிக்காகத் தூக்கிக்கொண்டு போகப்பட்ட பிள்ளை. இதெல்லாம் அதே 2001-இல் வந்த நாவலிலேயே இருக்கிறது. கூடப் படித்தவர்கள், வளர்த்த விஞ்ஞானி எல்லோரும் பார்த்த முகம். எங்களுக்கு மட்டும்தான் இல்லை. 2012-இல் நாலாவது கேமை ஆகக் கடினமான நிலையில் முடித்தவர்களுக்கு, அதுவும் ஒரு கணம், கண்ணும் கண்ணைச் சுற்றிய தோலும் காட்டினார்கள். அவ்வளவுதான்.

2022-இல் ரிவி தொடர் வந்தது. முதல் பகுதி முடிவதற்குள் பாப்லோ ஷ்ரைபர் என்ற நடிகர் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டார். தொடர் இரண்டு பருவம் ஓடி 2024-இல் நின்றது. முகத்தைக் காட்டியதால்தான் நின்றது என்று உங்கள் நண்பன் சொன்னால் நம்பாதீர்கள், ஒரு தொடர் நிற்க நூறு காரணம் இருக்கும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது ஏமாற்றம் கூட இல்லை, ஒரு எரிச்சல். கொழும்பு இரவுத் தபால் ரயிலில் நாங்கள் புக் பண்ணிய சீற்றில் வேறொருவர் சாய்ந்து நித்திரை கொண்டால் வருமே, அது. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். சீற் என்னுடையது.

நடிகரைக் குற்றம் சொல்ல முடியாது. முகம் அவருடைய தொழில் கருவி. மணிக்கணக்கில் ஒரு தங்கக் கண்ணாடியை மட்டும் பார்த்து யார் அழுவார்கள்? 1977-இலிருந்து வருகிற ஜட்ஜ் ட்ரெட் காமிக்ஸில் ஹெல்மெற் போட்ட நாயகனின் முழு முகத்தைக் காட்டுவதில்லை. 1995 படத்தில் ஸ்டாலோன் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டார், 2012 படத்தில் கார்ல் அர்பன் கழற்றாமல் வாயையும் தாடையையும் வைத்தே முழுப்படத்தையும் ஓட்டினார். முடியாததில்லை, கஷ்டம். கேமில் அந்தக் கஷ்டமே இல்லை, ஏனென்றால் அங்கே நடிக்கிறவன் விளையாடுகிறவன்தான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது.

(இதற்கு நேர்மாறும் உண்டு. 1993-இல் வந்த டூம் கேமில் திரையின் அடியில், நட்ட நடுவில், எந்த நேரமும் நாயகனின் முகம் இருக்கும். அடி விழ விழ அதில் இரத்தம் வடியும். உயிர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அந்த மூஞ்சியைப் பார்ப்போம், பெற்றோல் முள்ளைப் பார்ப்பது மாதிரி. 2016-இல் வந்த டூமில் ஹெல்மெற் போட்டு மூடிவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய மூஞ்சி இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை.)

காட்டி வென்ற கதையும் இருக்கிறது. 1986-இல் ஜப்பானில் வந்த மெட்ராய்ட். தலை முதல் கால் வரை கவசம் போட்ட ஒரு வேட்டைக்காரர், பெயர் சாமுஸ் அரன். ஆங்கிலக் கையேட்டில் கூட 'அவன்' என்றே எழுதியிருந்தார்கள். கேமைச் சீக்கிரமாக முடித்தால் கடைசியில் ஹெல்மெற் கழன்று, நீளத் தலைமுடியோடு ஒரு பெண் நிற்பாள். யாரும் கேட்காமலே 'ஆண்தான்' என்று முடிவுகட்டி அத்தனை மணித்தியாலம் ஓடியது விளையாடியவன். திறந்தது அவள் முகம், மாட்டியது அவன். ஆனால் அதை ஒரு தடவைதான் செய்யலாம். அடுத்தடுத்த கேம்களில் அவள் பெண் என்பது பெட்டியை வாங்க முதலே தெரியும்.

இனி ஊருக்கு வருகிறேன். கழற்றாத முகமூடி என்றதும் எனக்கு ஹேலோவுக்கு முதல் வேறொன்றுதான் நினைவு வரும். உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லித்தான் தெரியும்.

தொண்ணூறுகளில், போர்க் காலத்தில், ராணுவத்தின் ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரையும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் விட்டார்கள். வரிசை போய் முடிகிற இடத்தில் ஒரு வாகனத்துக்குப் பக்கத்தில் தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவர். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவர் முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தலை ஆடாவிட்டால் வீட்டுக்கு, ஆடினால் மற்றப் பக்கம். எனக்கு முன்னால் நின்ற இருவர் மற்றப் பக்கம் போனார்கள். என் முறை வந்தபோது நான் சாக்கைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். குனிந்து காலைப் பார்த்தேன். நீலப் பட்டி போட்ட ரப்பர் செருப்பு. இடது காலில் பட்டி அறுந்து, அடியில் ஒரு பின் குத்தியிருந்தது.

தலை ஆடவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் நான் ஊராரின் முகத்தைப் பார்த்ததை விடக் காலைப் பார்த்ததுதான் அதிகம். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குள்ளே அந்த ஒற்றைப் பின்னைத் தேடியிருக்கிறேன். எத்தனையோ கிடைத்தன! அந்தக் காலத்தில் பின் குத்தாத செருப்பு ஆரிடம் இருந்தது? தேத்தண்ணிக் கடைக்காரர், என்னோடு படித்தவன், எங்கள் தூரத்து மாமா என்று ஒவ்வொருவராக அந்தச் சாக்குக்குள்ளே வைத்துப் பார்த்தேன். எல்லா முகமும் பொருந்தியது.

ஹேலோவில் என் முகத்தை வைத்தேன், சாக்குக்குள்ளே ஊரின் முகத்தை வைத்தேன். இரண்டும் காட்டாத முகம்தான். ஆகவே 'காட்டாமல் விட்டால் கலை, காட்டினால் கெட்டது' என்ற உங்கள் நண்பனின் சட்டம் எனக்குச் சரிப்படவில்லை. அந்த வெற்றிடத்துக்குள்ளே எதைக் கொண்டுபோய் வைக்கும்படி கதை எங்களை விட்டது என்றுதான் பார்க்க வேண்டும்.

விளையாடுகிறவர்கள் கேட்கிறார்கள் என்பது ஒரு காரணமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். வாரக்கணக்கான நடை. அங்கே போய்ச் சேர்ந்தால் இருப்பது ஒரு திரை, அதில் வள்ளி தெய்வயானையோடு முருகனின் படம். திரை விலகாது. என் அம்மம்மா ஒருமுறை வெருகலில் இருந்து நடந்து போய்விட்டு வந்தா. "உள்ளுக்க என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டேன். "பார்க்கவே போனனான்? கும்பிடப் போனனான்" என்றுவிட்டுக் காலுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டா. திரை விலகாது என்பது அவவுக்கு முதல் அடி வைக்க முன்னமே தெரியும். யாரும் விலக்குவதாகச் சொல்லவும் இல்லை.

நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், தம்பி. அதுதான் சிக்கல். ஹேலோவில் மாஸ்டர் சீஃபைப் பார்த்து 'நீ ஆர்?' என்று கேட்டுக் கதை நகரவில்லை. உங்கள் கேமில் ஒரு அம்மா கேட்டுவிட்டார். அதுவும் 'நீ ஆர்' என்று கேட்கவில்லை, 'நீ ஆற்ற பிள்ளை' என்று கேட்டார். காணாமல் போன பிள்ளையின், ஸ்டூடியோவில் பெருப்பித்த பாஸ்போட் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டிலில் அம்மாக்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற ஊரில், அந்தக் கேள்வியை நீங்கள் சும்மா ஒரு வசனமாக எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தாலும் விளையாடுகிறவர்கள் அப்படி வாசிக்கவில்லை. அதனால்தான் அது எல்லாருக்கும் பிடித்த இடம்.

ஆகவே நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்தக் கடன் அந்த அம்மாவுக்கு. விளையாடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை.

நான் என்றால் இப்படிச் செய்வேன். மூன்றாம் பாகத்தில் அதே கரை, அதே அம்மா, அதே கேள்வி. இந்த முறை அவன் கண்ணாடியைக் கழற்றுகிறான். கமரா அவனுக்குப் பின்னால், பிடரி உயரத்தில். எங்களுக்குத் தெரிவது அம்மாவின் முகம் மட்டும். கண்ணாடியை நெடுநேரம் போட்டிருந்தால் கண்ணைச் சுற்றி ஒரு சிவந்த தடம் பதியும். கடலட்டைக்கு இறங்குகிறவர்களைக் கரையில் பார்த்திருப்பீர்களே? அம்மாவின் விரல் அந்தத் தடம் இருக்கும் இடத்துக்குப் போகட்டும். இதை ஓடவிட்டுக் காட்டுகிற காட்சியாக வைக்காதீர்கள். கழற்றுவதற்கு ஒரு பொத்தான் கொடுங்கள். அமர்த்தாமல் நின்றால் அவன் முதல் பாகத்தில் போன மாதிரியே பேசாமல் கடலுக்குள் போகட்டும். அப்படியே போகவிடுகிறவர்களும் இருப்பார்கள், போகட்டும். காசு கட்டினால் முகம் தெரியும் என்று மட்டும் யாராவது யோசனை சொன்னால், அவரைத் தூக்கிக் குழுவுக்கு வெளியே போடுங்கள்.

ஒன்று, அவன் ஆற்ற பிள்ளை என்பது உங்கள் நாலு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் மகன்தானா, இல்லையா? இல்லையென்றால் அவனைக் கண்டதும் அவர் முகம் எப்படிப் போகும்? இரண்டுக்கும் இரண்டு முகம் வரைய வேண்டும். நாலு பேரும் நாலு பதிலை வைத்துக்கொண்டு மூடிய முகத்தைச் செய்தால் பொத்தானை அமர்த்துகிறவனுக்கு அது கையிலேயே தெரிந்துவிடும். பார்த்தீர்களா, கடைசியில் முகம் வரையத்தான் வேண்டியிருக்கிறது. வரையத் தெரிந்த ஒரு பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள்.

மற்றது, கேள்வியில் இல்லாத ஒரு குறை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டாம் பாகத்தை நேற்று இரவு விளையாடினேன். திருவெம்பாவைப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்கிற நேரத்தில் உங்கள் சுழியோடி கோணமலைக்குக் கீழே இறங்குகிறான், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மார்கழியில் அந்தப் பக்கம் கடல் அடித்துக் கலங்கிக் கிடக்கும், ஒருவரும் இறங்க மாட்டார்கள். பாட்டை எடுங்கள், அல்லது தண்ணீரைக் கலக்குங்கள்.

அன்புடன்,
அண்ணா