நீங்கள் நடுங்கியது யாருக்கும் தெரியவில்லை

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போனாலே கை சில்லிட்டுவிடும். போன மாதம் பெரியப்பா பேத்தி கல்யாணத்தில் மணமகள் அறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே என் சித்தி யாரிடமோ, "அவளா? தலைக்கனம் புடிச்சவ. வேலைக்குப் போற திமிரு. வாங்கன்னு ஒரு வார்த்தை வாயில வராது" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றிலிருந்து தூக்கமே இல்லை. நான் பயந்தாங்கொள்ளி என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர்கள் நகை, சீரியல் என்று பேசுவார்கள். எனக்கு அதெல்லாம் ஒத்தே வராது. போனை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவுதான். நான் நினைத்திருந்த நான் பொய்யா? அவர்கள் சொல்வதுதான் நானா? ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் என்னை மாதிரியே இருக்கிறாள். அதுவும் கவலையாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பயமும் நிஜம், சித்தி பார்த்ததும் நிஜம். இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தே தீர வேண்டும் என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டதால்தான் தூக்கம் போயிருக்கிறது.

அந்த மண்டபத்தில் நடந்ததைச் சித்தி நின்ற இடத்திலிருந்து பாருங்கள். பெண் வீட்டாரில் ஒருத்தி, நல்ல பட்டுப்புடவை, மாத வருமானம். உள்ளே வருகிறாள், யாரையும் பார்த்து "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று கேட்கவில்லை. நேராக ஓர நாற்காலிக்குப் போய் போனைக் கையில் எடுக்கிறாள். சில்லிட்ட உங்கள் கை அவர் கண்ணுக்குத் தெரியாது, போன்தான் தெரியும். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட மன்னித்துவிடுவார்கள், வாசலில் "வாங்க" சொல்லாததைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கூலி என்றொரு சமூகவியலாளர் இருந்தார். அவரும் கூச்ச சுபாவக்காரர்தான். நம்மைப் பற்றிய நம் எண்ணம் எப்படி உருவாகிறது என்று 1902இல் எழுதினார். அடுத்தவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று முதலில் கற்பனை செய்கிறோம். அதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்று அடுத்த கற்பனை. அதை வைத்துப் பெருமையோ கூச்சமோ அடைகிறோம். அடுத்தவர்தான் நமக்குக் கண்ணாடி என்றார். முதல் இரண்டு படியும் நம் மண்டைக்குள்ளேயே நடக்கின்றன என்பதைக் கவனியுங்கள். "நான் நடுங்குவது எல்லாருக்கும் தெரிகிறது, பாவம் கூச்சப்படுகிறாள் என்று விட்டுவிடுவார்கள்" என்ற கணக்கில் இத்தனை வருஷம் மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறீர்கள். சித்தியின் பேச்சு அந்தக் கணக்கைத்தான் உடைத்திருக்கிறது. நீங்கள் பயந்தவர் என்பதை அது உடைக்கவில்லை.

இந்தத் தப்புக் கணக்கு உங்களுக்கு மட்டும் உரியதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் மேடையில் பேசும் மாணவர்களை வைத்து ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைத்த அளவுக்கு, கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவு வெளியே தெரியாது" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியென்றால் என்னைப் பற்றி எனக்குத்தான் நன்றாகத் தெரியும்" என்று நிம்மதியாகிவிட வேண்டாம். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் குறுக்கே நிற்கிறது. பதற்றம் போல உள்ளுக்குள் நடப்பதில் அவரவர் சொல்வதே சரியாக இருந்தது. அறிவுத்திறன் போல நம் பெருமை சம்பந்தப்பட்ட விஷயங்களில் நண்பர்களின் கணிப்பே மேல். தலைக்கனமும் பெருமை சம்பந்தப்பட்ட சங்கதிதான் என்பேன். ஆகவே கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "நகை, சீரியல்... எனக்கு அதெல்லாம் ஒத்தே வராது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி பயந்தாங்கொள்ளி எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. பயத்தோடு லேசான ஒரு அலட்சியமும் சேர்ந்திருக்கிறது. சித்தி அதை மோப்பம் பிடித்திருக்கலாம். பிடித்ததைப் பத்து மடங்காக்கிச் சொன்னது அவர் தப்பு.

இன்னொன்று. சித்தி ஒருவர் சொன்னதை "அவர்கள் சொல்வது" என்று எப்போது மாற்றினீர்கள்? பொதுவாக நம்மைப் பற்றி ஊருக்கு என்ன அபிப்பிராயம் என்பதை ஓரளவு ஊகித்துவிடுகிறோம். எந்த ஆள் எப்படி நினைக்கிறார் என்பதில்தான் கோட்டை விடுகிறோம் என்று கென்னி, டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 1993லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். உங்கள் ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் உங்களைப் பற்றிச் சித்தி மாதிரிதான் நினைக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம்?

சித்தியிடம் போய் "நீங்க பேசினதைக் கேட்டேன்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பஞ்சாயத்து கூடி, கடைசியில் யார் முதலில் பேச்சை எடுத்தது என்பதில் போய் நிற்கும். உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற அண்ணியோ ஒன்றுவிட்ட அக்காவோ இருந்தால் அவரிடம் கேளுங்கள். "நான் எப்படிப்பட்டவ?" என்று கேட்டால் "ஒனக்கென்ன, தங்கம்" என்பார்கள், பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. "அன்னைக்குக் கல்யாணத்துல நான் உள்ள வந்தப்ப பார்க்க எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே விளக்கம் கொடுக்காதீர்கள்.

அடுத்த விசேஷத்தில் ஓர நாற்காலி வேண்டாம். வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டோடு நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சக்காரர்களுக்கு அதைவிட வசதியான இடம் மண்டபத்தில் கிடையாது. கைக்கு வேலை இருக்கிறது, ஒவ்வொருவரிடமும் பேச வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான், அந்த வார்த்தை "வாங்க". அடுத்த ஆள் வந்துவிடுவதால் பேச்சை எப்படி முடிப்பது என்ற கவலையும் இல்லை. கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் மொய் நோட்டுக்கு உட்காரச் சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுங்கள். அது ஆண்கள் வேலை என்று பெரியவர்கள் யாராவது முனகினால் முனகட்டும்.

மகள் விஷயம். விருந்தாளிகள் முன்னால் "இவ யார்கிட்டயும் பேச மாட்டா, என்னை மாதிரியே" என்று சொல்லும் வழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன், முக்கால்வாசி அம்மாக்களுக்கு இருக்கிறது. அதை நிறுத்துங்கள். அவளுக்கு முதல் கண்ணாடி நீங்கள்தான், கூலி சொன்ன கணக்கை அவள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் போடுகிறாள். யாராவது "ஏன் பேச மாட்டேங்குறா?" என்று கேட்டால், "கொஞ்ச நேரம் ஆகட்டும், பேசுவா" என்று மட்டும் சொல்லுங்கள். கற்கண்டுத் தட்டை அவள் கையிலும் கொடுத்துப் பாருங்கள், விருப்பமிருந்தால் நிற்கட்டும்.