இரத்தக் குழாயும் சர்க்கரையும்: முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி குறித்து வாசகர் கேள்விகள்

இரத்தக் குழாய், வளர்சிதை மாற்றம் ஆகியவற்றின் உடலியங்கியலில் போஸ்ட்டாக் பயிற்சி பெற விரும்புவோரும், ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருப்போரும் அனுப்பிய கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக, இரத்தக் குழாயின் உட்பரப்பில் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்களை வளர்ப்புத் தட்டில் மட்டுமே ஆராய்ந்தேன். குழாயியலையும் வளர்சிதை மாற்றத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சியில் சேரலாமா, அல்லது ஒன்றிலேயே ஆழமாகப் போவது நல்லதா?

தயங்காமல் சேருங்கள். உடலில் இவ்விரண்டும் பிரிந்து கிடக்கவில்லை. உணவுக்குப் பின் கணையம் சுரக்கும் இன்சுலின், தசைச் செல்லைத் தொடுவதற்கு முன் நுண்குழாயின் சுவரைத் தாண்டியாக வேண்டும். தாண்டும் வழியில் அந்தச் சுவரையும் அது தூண்டுகிறது: பிஐ3-கைனேஸ், ஏகேடி ஆகிய நொதிகளின் வழியாக நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கிக் குழாயை விரிக்கிறது, மேப்-கைனேஸ் என்னும் இன்னொரு வழியாக எண்டோதீலின்-1 என்ற பொருளைச் சுரக்கவைத்துச் சுருக்கவும் செய்கிறது. இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையான இன்சுலின் தடை உள்ளவர்களிடம் முதல் வழி மங்கிவிட, இரண்டாவது வழி பெரும்பாலும் மங்காமல் நிற்பதால், தசைக்குச் சர்க்கரையும் இன்சுலினும் போய்ச் சேருவதே குறைகிறது. ஒரு குழாயில் பாயும் இரத்தத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதையும், எனவே ஆரம் 19 சதவீதம் கூடினாலே பாய்வு இரு மடங்காகிவிடும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், குழாயைக் கவனிக்காமல் நீரிழிவை ஆராய்வது எவ்வளவு அரைகுறையானது என்பது புரியும்.

உங்கள் தட்டு அனுபவம் வீண்போகாது. ஆனால் அங்கே செல்லின் மேல் இரத்தத்தின் உராய்வு இல்லை, அழுத்தம் இல்லை, நரம்பும் இல்லை. பரவலாகப் பயன்படும் வளர்ப்பு ஊடகங்கள் சிலவற்றில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அதை இரத்தப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் சொன்னால் டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம், அதாவது கட்டுப்பாடே இல்லாத நீரிழிவு. தட்டில் கண்டதை முழு உடலில் சோதித்துப் பார்க்கும் திறமையைத்தான் நீங்கள் இப்போது தேட வேண்டும்.

கேள்வி: சேர்ந்த முதல் ஆண்டில் உண்மையில் என்ன கற்றுக்கொள்வேன்?

முதலில் கையைப் பழக்குவீர்கள். எலியின் குடலைத் தாங்கும் சவ்வில் விசிறிபோல் பிரியும் தமனிகளிலிருந்து ஒரு சிறு கிளையை நுண்ணோக்கியின் கீழ் எடுத்து, சுற்றியுள்ள கொழுப்பை நீக்கி, 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, அதன் உள்ளே 40 மைக்ரோமீட்டர் பருமனுள்ள இரண்டு கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக நுழைத்து, குழாயின் இறுக்கத்தை அளக்கும் மயோகிராஃப் கருவியில் பூட்ட வேண்டும். குழாயே மனித முடியைவிடச் சில மடங்குதான் பெரியது. 37 டிகிரியில், 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் குமிழியிடும் கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசலில் அது மணிக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். ஃபீனைல்எஃப்ரின் விட்டால் குழாய் இறுகி, திரையில் கோடு மேலேறும். பிறகு அசிட்டைல்கோலினைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போனால், கோடு படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகக் கீழே வரும். முதன்முறை என் கையால் பூட்டிய குழாய் அப்படி இறங்கியதைப் பார்த்தபோது உண்டான நெகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது.

அதே ஆண்டில் ஒரு பிழையும் செய்தேன். கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற எலிகளின் தமனிகள் அசிட்டைல்கோலினுக்கு விரியவில்லை என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். மூத்த சகா ஒருவர் என் குறிப்பேட்டைப் புரட்டி, சாதாரணத் தீவனம் தின்ற எலிகளின் பதிவுகளைக் காட்டச் சொன்னார். அவற்றிலும் ஏறக்குறைய பாதி விரியவில்லை. கம்பியை நுழைக்கும்போது உட்சுவரைச் சுரண்டிவிட்டிருக்கிறேன். எண்டோதீலியம் உரிந்து போயிருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடைத் தானே வெளியிடும் நைட்ரோபுருசைடை விட்டபோது அதே குழாய்கள் நன்றாக விரிந்ததால், தசை அடுக்கு நலமாகவே இருந்தது என்பது உறுதியானது.

இந்தச் சுரண்டலுக்கு ஒரு வரலாறு உண்டு. முயலின் பெருந்தமனியை நீள்பட்டையாக வெட்டிச் சோதித்தவர்கள், அசிட்டைல்கோலின் அதைச் சுருக்குகிறது என்றே பல ஆண்டுகள் கருதினார்கள். 1978இல் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில் உதவியாளர் ஒருவர் செய்முறைக் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால், பட்டையாக அல்லாமல் வளையமாக வெட்டிய, ஏற்கெனவே இறுகியிருந்த தமனியில் அசிட்டைல்கோலின் வகை மருந்து சேர்ந்து, வளையம் தளர்ந்தது. ஃபர்ச்காட் அதைப் பிழை என்று தள்ளிவிடாமல் துருவிப் பார்த்தார். பட்டை வெட்டும்போது உட்பரப்பு தேய்ந்துபோவதே இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு என்பதைக் கண்டு, ஜவாட்ஸ்கியுடன் சேர்ந்து 1980இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்கு 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்சிதை மாற்றப் பக்கத்தில் நீங்கள் கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது இன்சுலின் கிளாம்ப். 1979இல் டிஃப்ரோன்சோவும் அவருடைய சகாக்களும் விவரித்த முறை இது: இன்சுலினை ஒரே வேகத்தில் ஏற்றிக்கொண்டே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரையை அளந்து, அது மாறாமல் நிற்கும்படி குளுக்கோஸைக் கூட்டியும் குறைத்தும் செலுத்துவார்கள். நிலைபெற்ற பின் எவ்வளவு குளுக்கோஸ் செலுத்த நேர்கிறதோ, அதுவே உடல் எவ்வளவு உள்வாங்குகிறது என்பதைக் காட்டும். மனிதரிடம் இது பொறுமையைக் கேட்கும் வேலை. சுண்டெலியிடம் இன்னும் கடினம், ஏனெனில் 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் இரத்தம்தான் இருக்கும். வாலைக் கீறி இரத்தம் எடுத்தால் விலங்கு பதறுகிறது, பதற்றத்தில் சர்க்கரை ஏறுகிறது. தமனியில் முன்னரே குழாய் பொருத்தி, அறுவையிலிருந்து அது தேற நாள் கொடுத்துச் செய்யும் ஆய்வகத்தில் கற்பதே நல்லது. விலங்குக் கூடத்தின் வெப்பநிலையையும் கேளுங்கள். நமக்கு இதமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர். உடலைச் சூடாக வைத்துக்கொள்ள அது ஆற்றலைச் செலவிடுவதோடு, அதன் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுகின்றன. அதற்கு இதமான நிலை ஏறத்தாழ 30 டிகிரி.

கேள்வி: நான் மருத்துவர், முனைவர் பட்டம் இல்லை. எனக்கு இடம் உண்டா?

உண்டு. இத்துறைப் பயிற்சித் திட்டங்கள் பல மருத்துவப் பட்டதாரிகளையும் ஏற்கின்றன. நோயாளியை நேரில் பார்த்த அனுபவம் உங்களிடம் இருப்பதால் மனித ஆய்விலிருந்து தொடங்குங்கள். முன்கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் இரத்தத்தை நிறுத்தி, அவிழ்த்த பின் பாயும் வெள்ளத்துக்கு மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளக்கும் சோதனையை, 1992இல் செலர்மஜர் குழுவினர் வெளியிட்டதிலிருந்து உலகெங்கும் செய்கிறார்கள். பார்க்க எளிது. ஆனால் அளக்கும் மாற்றம் மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு என்பதால், தனியாகச் செய்யும் முன் மேற்பார்வையில் குறைந்தது 100 முறையாவது செய்திருக்க வேண்டும் என்று 2002இல் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த 100இல் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

கேள்வி: உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிக்கலாம்? நான் வேறு நாட்டவன்.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் டி32 என்ற பயிற்சி நிதியில் சேர, அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேண்டும். இது தெரியாமல் பலர் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறார்கள். உங்கள் நிலையில், நெறியாளரின் ஆய்வு நிதியிலிருந்து சம்பளம் பெற்றுச் சேர்ந்து, பிறகு, போஸ்ட்டாக் தனி ஆய்வாளராக உயர உதவும் அதே நிறுவனங்களின் கே99 விருதுக்கு முயலலாம். அதற்குக் குடியுரிமைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டுகளைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் நாள்கணக்கில் கவனமாக இருங்கள். ஐரோப்பாவில் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா-கியூரி உதவித்தொகை எந்த நாட்டவருக்கும் உண்டு. நீங்கள் போகவிருக்கும் நாட்டில், விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய நிபந்தனை.

கேள்வி: இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் சோதிக்கும் மருந்து, பருத்த சுண்டெலிகளின் தமனியை மீட்கும் என்ற கருதுகோள் நிற்கவில்லை. இன்னும் சில எலிகளைச் சேர்த்துப் பார்க்கலாம் என்கிறார் நெறியாளர். எனக்கு உறக்கமே இல்லை.

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். உங்கள் கலக்கம் நியாயமானது. முடிவு பிடிக்கும்வரை விலங்குகளைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்தால், இல்லாத விளைவு இருப்பதுபோல் தோன்றும் வாய்ப்பு 5 சதவீதத்தில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிட்டு நிறுத்துவதுதான் முறை. விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கான அரைவ் நெறிமுறைகளும் எண்ணிக்கை எப்படி முடிவாயிற்று என்று சொல்லக் கேட்கின்றன. உங்கள் அட்டவணையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஒரே சுண்டெலியின் நான்கு வளையங்களை நான்கு என்று எண்ணியிருக்கிறீர்கள். அது ஒன்றுதான். திருத்தி எழுதினால் எண்ணிக்கை சுருங்கும்; சுருங்கினாலும் திருத்துங்கள்.

பிறகு, சோதனை சரியாக இயங்கியதா என்பதைத் தனியாகப் பாருங்கள். மருந்து தராத ஒல்லி எலிகளின் தமனிகள் நன்றாக விரிந்தனவா? பருத்தவற்றில் உண்மையாகவே குறை இருந்ததா? நைட்ரோபுருசைடுக்கு எல்லாக் குழுவும் ஒரேமாதிரி விரிந்தனவா? மருந்து இரத்தத்தில் சேர்ந்ததற்கு அளவீடு இருக்கிறதா? இந்த நான்குக்கும் ஆம் என்று பதில் வந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்பதே உங்கள் கண்டுபிடிப்பு. அதை எழுதி வெளியிடலாம், வேறொருவர் அதே பாதையில் இரண்டு ஆண்டுகளையும் பல விலங்குகளையும் இழக்காமல் தடுக்கலாம். ஒன்றுக்காவது இல்லை என்று வந்தால், அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யும் புதிய சோதனையை, எண்ணிக்கையை முதலிலேயே எழுதிவைத்துத் தொடங்குங்கள்.

நெறியாளரிடம் தனியாகப் போராட வேண்டியதில்லை. உங்களுக்கு வழிகாட்டுக் குழு அமைத்திருந்தால் அதன் கூட்டத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எல்லா எலிகளின் வளைவுகளையும் குழுப் பெயர் இல்லாமல், எண் மட்டும் இட்டு அச்செடுத்து நெறியாளரின் மேசையில் பரப்பி, மருந்து பெற்றவை எவை என்று அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். எந்த எண் எந்தக் குழு என்று குறித்த சாவித்தாளை அவர் பிரித்து முடித்த பின் எடுத்துக் காட்டுங்கள்.