முள் பனைகள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, கோஸ்டா ரிக்காவின் பெஜிபாயே, கொலம்பியாவின் சோன்டாதுரோ, பிரேசிலின் புபுன்யா எல்லாம் வேறு வேறு மரங்களா?

ஒரே மரம்தான், பாக்ட்ரிஸ் கேசிபாயெஸ். தூர் கட்டி வளரும், 20 மீட்டர் வரை உயரும். மட்டை விழுந்த தழும்பு வளையம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவே கறுத்த ஊசி முட்கள் நெருக்கமாக நிற்கும்.

கேள்வி: நம்ம ஈச்ச முள் மாதிரிதானே சார்?

இல்லை. ஈச்சமட்டையின் அடியில் உள்ள முள், ஓலைக்கீற்றே முள்ளாக மாறியது. பாக்ட்ரிஸ் முள் மேல்தோலிலிருந்து கிளம்புவது. அதனால்தான் மரம், மட்டை, பாளை என்று எங்கும் வருகிறது.

கேள்வி: பழத்தைப் பச்சையாகக் கடித்தால் தொண்டை அரிக்கிறதே?

பச்சையாகத் தின்னவே கூடாது. சேனைக்கிழங்கில் அரிக்கும் அதே கால்சியம் ஆக்ஸலேட் இதிலும் உண்டு. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது, அது வெந்தால் அடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் 30 முதல் 60 நிமிடம் வேகவையுங்கள். கொலம்பியாவின் காலி நகரத் தெருக்களில் வெந்த பழத்தை உப்பும் தேனும் தொட்டுத் தின்பார்கள், அருமையான சேர்க்கை. பறித்த பழம் சில நாளிலேயே கெட ஆரம்பிக்கும்.

கேள்வி: விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

வெயிலில் காயவைத்திருப்பீர்கள். பலரும் செய்கிற தவறு அது. இந்த விதை ஈரம் இழந்தால் செத்துவிடும், குளிர்பெட்டியும் ஆகாது. சதையைச் சுரண்டி, ஓரிரு நாள் நீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மேல் ஈரம் போகும்வரை மட்டும் நிழலில் பரப்பி, ஈர மரத்தூளோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தூளைக் கையில் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். முளைக்க ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். இன்னொரு முள் பனையான அக்ரோகோமியாவின் விதைக்கு இது போதாது. அதன் கல்லோட்டைப் பட்டறை இடுக்கியில் மெல்ல நெரித்து, பருப்பு சிதையாமல் எடுக்க வேண்டும். ஓட்டோடு போட்டால் ஓராண்டுக்கு மேலும் கிடக்கும்.

கேள்வி: முள்ளில்லாத வகை கிடைக்குமா?

பெருவின் யூரிமாகுவாஸ் பகுதி வகை பெயர் பெற்றது. ஆனால் அயல் மகரந்தம் கலப்பதால், முள்ளில்லாத தாயின் விதையிலும் முள் கன்று வரும். தேவைக்கு மேல் விதைத்து, நாற்றங்காலிலேயே மட்டைக்காம்பைப் பார்த்துக் கழித்துவிடுங்கள். தின்னும் குருத்துக்காக மரத்தை வெட்டி வளர்ப்பவர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். குருத்துத் தோட்டத்தில் 2 × 1 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 5,000 கன்று நடுவார்கள். அந்த இடுக்கில் முள்ளோடு வேலை செய்ய முடியாது. 18 முதல் 24 மாதத்தில் முதல் வெட்டு, பிறகு பக்கக் கன்றுகள் தொடரும். ஒற்றைத் தண்டு ஜுசாரா பனையிலோ குருத்தெடுத்தால் மரமே போய்விடும்.

கேள்வி: முள் குத்தி முழங்கை ஒரு மாதமாக வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் பனைமுள் பெரும்பாலும் தெரியாது. மூட்டுக்குள் ஒடிந்த துண்டு தங்கினால் வீக்கம் வந்து வந்து போகும். முள் குத்தியதைச் சொல்லி, அல்ட்ராசவுண்ட் எடுக்கக் கேளுங்கள். ஊசியால் நீங்களே கிளற வேண்டாம், துண்டு இன்னும் ஆழமாகப் போகும்.

கேள்வி: முள் மரத்தில் எப்படி ஏறுகிறார்கள்?

கொலம்பியாவின் பசிபிக் கரையில் மரச்சட்டம் இரண்டை மரத்தைச் சுற்றிக் கட்டி, ஒன்றில் உடம்பைத் தாங்கி மற்றதை மேலே நகர்த்துவார்கள். உடம்பு முள்ளில் படாது. எட்டுகிற உயரமானால் கழியில் கத்தி கட்டிக் குலையை அறுங்கள், கீழே யாரும் நிற்க வேண்டாம்.