இறந்தவர் விட்டுச்சென்ற கடனைக் குடும்பத்தினர் அடைத்தே ஆக வேண்டுமா?

தந்தை வாங்கியிருந்த தனிநபர் கடனையும் கிரெடிட் கார்டு பாக்கியையும் அவர் காலமான பிறகு மகனாகிய நீங்கள் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடன் பத்திரங்களில் உங்கள் கையெழுத்து இல்லையென்றால், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டும் பொறுப்பு பெரும்பாலான நாடுகளில் உங்களுக்கு இல்லை. அதற்காகக் கடன் மறைந்துவிடுவதும் இல்லை. அது அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது நிற்கிறது. மூன்று லட்சம் பெறுமான சொத்தும் ஐந்து லட்சம் கடனும் இருந்தால், மூன்று லட்சம் வரை கடன் கொடுத்தவர்கள் கேட்கலாம். மீதி அவர்களுடைய நஷ்டம்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று குறிப்பிடாததால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாரிசின் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே வசூலை நிறுத்துகிறது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை மட்டும் காட்டி வழக்குத் தொடுக்கும் உரிமையும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடன்களுக்கு இல்லை. ஆனால் ஜெர்மனியில் ஆறு வாரங்களுக்குள்ளும் ஜப்பானில் மூன்று மாதங்களுக்குள்ளும் வாரிசுரிமையை மறுக்கத் தவறினால், பொதுவாகச் சொத்தோடு கடனும் வாரிசின் தலையில் வந்து விழும். அங்கே சும்மா இருப்பதே சம்மதமாகிவிடும்.

ஆகவே முதலில் கடன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்துக் கையெழுத்துகளைப் பாருங்கள். 'இணைக் கடன்தாரர்' என்றோ 'ஜாமீன்தாரர்' என்றோ எழுதிய இடத்துக்குக் கீழே உங்கள் பெயரோ தாயார் பெயரோ இருந்தால், கையெழுத்திட்டவர் முழுத் தொகைக்கும் பொறுப்பாவார். சொத்து வந்ததா வரவில்லையா என்பது அங்கே கணக்கில் வராது. வீடு, நகை, வாகனம் அடமானமாக இருந்தால், பாக்கி தீரும் வரை கடன் கொடுத்தவருக்கு அதன் மேல் உரிமை உண்டு.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, துக்கம் ஆறாத நாட்களிலேயே வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா பேரைக் காப்பாத்த வேண்டாமா?" என்று கேட்பதுதான். அந்தக் கேள்விக்கு மனம் இளகி ஒரு சிறு தவணையைக் கட்டுவதும், அவர்கள் நீட்டும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடுவதும், இல்லாத பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கொடுக்கும். எதையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். தந்தையின் பெயரைக் காக்க விரும்பி மனமாரக் கட்டுவது உங்கள் உரிமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்று நம்பி, குழந்தைகளின் படிப்புக்கு வைத்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கடன்களைத் தீர்க்குமுன் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்வதும் ஆபத்தானது. பிரித்தெடுத்த பங்கைச் செலவழித்துவிட்டாலும், அந்தப் பங்கின் அளவுக்குக் கடனைப் பின்னர் உங்களிடமே கேட்க முடியும்.

இறப்புச் சான்றிதழின் நகலை வங்கிக்கு எழுத்துபூர்வமாகக் கொடுக்கும்போது, தானியங்கித் தவணைப் பிடித்தத்தை நிறுத்தக் கோருங்கள். அந்தக் கடனோடு ஆயுள் காப்பீடு ஏதேனும் இணைக்கப்பட்டிருந்ததா என்றும் கேளுங்கள்; இருந்தால், மீதித் தொகை முழுவதையும்கூட அந்தக் காப்பீடே அடைத்துவிடக்கூடும்.