காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, தம்பி

மொரீஷியஸில் எபேனில் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை எவ்வளவு, இட்லி அரிசி கிடைக்குமா, அப்புறம் "இந்தத் தீவு முன்னேறியதற்குச் சட்டமும் அமைப்புகளும்தான் காரணம் என்று எம்.ஏ.யில் படித்தேன், நிஜமா?" என்று கேட்டிருக்கிறாய். வாடகையை உன் ஆபீஸ் பையன்களிடம் கேட்டுக்கொள். அரிசி கிடைக்கும். கடைசிக் கேள்விதான் எனக்குப் பழசையெல்லாம் கிளறிவிட்டது.

நான் வந்தது 1996-ல், திருப்பூரிலிருந்து, கட்டிங் மாஸ்டராக. ஏஜெண்டுக்கு நாற்பதாயிரம் கொடுத்திருந்தேன். இறங்கின அன்றே கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினான். ஓவர்டைம் காசு மூன்று மாதம் வரவில்லை. கூட இருந்தவர்கள் "யாராவது பெரிய மனுஷனைப் பிடிப்போம்" என்று கோயில் கோயிலாக அலைந்தார்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு தமிழ்க் கிழவி, தமிழ் பேச வராது, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான், என் ஒப்பந்தத்தை வாங்கி ஒரு வரியை நகத்தால் கீறிக் காட்டினாள். அதோடு தொழிலாளர் அலுவலகம் போனேன். ஆய்வாளர் வந்தார், பாஸ்போர்ட்டும் வந்தது, காசும் வந்தது. சிபாரிசு தேடிப் போனவர்களுக்கு அன்னதானம் கிடைத்தது.

இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் என் தாத்தா. ரங்கூனில் அரிசிக் கடை வைத்திருந்தார். 1964-ல் பர்மாவின் ராணுவத் தலைவர் நெ வின் ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கியது. அதே வருஷம் மே மாதம் அந்த ஊர்ப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எழுபது பக்கக் கடன் நோட்டும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகக் கப்பல் ஏறினார்.

இங்கே 1968-ல் சுதந்திரம் வந்தபோது கரும்புத் தோட்டங்கள் பிரெஞ்சு வம்சத்து வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தன. அரசு பிடுங்கவில்லை, சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி போட்டது. 1970-ல் ஏற்றுமதித் தொழிலுக்கென்று தனிச் சலுகைச் சட்டம் வந்தது. 1975 முதல் ஐரோப்பா உலகச் சந்தையைவிட நல்ல விலைக்குச் சர்க்கரை வாங்கியது. அந்தக் காசில் ஒரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போனது. 1961-ல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர், ஜனத்தொகை பெருகுகிறது, கரும்பை விட்டால் வேறு கதியில்லை, இந்தத் தீவு தேறுவது கஷ்டம் என்று எழுதியிருந்தார். பின்னாளில் நோபல் வாங்கிய மனுஷர், ஆனாலும் தப்பாகிப் போனது அவர் கணக்குதான். அதற்காக உன் பாடப்புத்தகம் சொல்வது முழுசும் சரி என்று ஆகிவிடாது. ஐரோப்பாவின் விலை அதிர்ஷ்டம். தோட்ட நிலத்தில் பெரும்பகுதி இன்றும் அந்தப் பழைய குடும்பங்களிடம்தான், அதை யாரும் மேடையில் பேச மாட்டார்கள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வேலை பார்ப்பதற்கான பெர்மிட் உன் முதலாளி பெயரோடு கட்டினது, வேலை மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரில் ஒரு மாதச் சம்பளம் போனஸ் சட்டப்படி உண்டு, "எங்கள் கம்பெனியில் அந்த வழக்கம் இல்லை" என்பவனிடம் எழுதிக் கேள். முக்கியமாக, நம் ஊர்க்காரன் என்று வாய்வார்த்தையில் எதையும் ஒப்புக்கொள்ளாதே. என்னை அதிகம் ஏமாற்றியவர்கள் தமிழில்தான் பேசினார்கள்.

இங்கத்து ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கும், எண்ணும் தமிழில். 1998-ல் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டு நோட்டு அடித்துவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தார்கள். நானும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தலைநகர் போர்ட் லூயியில் வெயிலில் நின்றேன். நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். அப்போது எனக்குத் தாத்தாவின் டிரங்குப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அடியில் செல்லாமல் போன அந்தக் கியாட் நோட்டுக் கட்டு கிடக்கும். மழை நாளில் அதை எடுத்து நானும் தங்கையும் திண்ணையில் கடை வைத்து விளையாடுவோம். அவர் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், சரியாகச் சில்லறை கேட்பார்.