"என் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை"

வாசகி கடிதம்

வணக்கம்.

நானும் சில நண்பர்களும் சேர்ந்து, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறோம். ஒருவர் வாசிப்பார், ஒருவர் தொகுப்பார், இன்னொருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் பதிவையும் கேட்டுப் பிழை பார்ப்பார். பிறகு அத்தியாயம், பக்கம் என்று விரும்பிய இடத்துக்குத் தாவிச் செல்ல வசதியுள்ள டெய்சி வடிவத்துக்கு மாற்றுவோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். நான்தான் ஒருங்கிணைப்பாளர்.

இது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. என் தம்பிக்குப் பள்ளி நாட்களிலேயே பார்வை மங்கிவிட்டது. சாயங்காலம் நான் பாடத்தை வாசிப்பேன், அவன் கேட்டே மனத்தில் ஏற்றிக்கொள்வான். என்னைவிடக் கெட்டிக்காரன். நான் மேற்படிப்புக்காக வெளியூர் போனதும் அவனுக்கு வாசித்துக் காட்ட ஆள் இல்லை. படிப்பு நின்றுபோனது. இப்போது ஒரு வேலையில் இருக்கிறான், குறை எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஒரு புத்தகம் தாமதமாகிறது என்றால், எங்கோ ஒரு பிள்ளை அவனைப் போலவே காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். அன்று தூக்கம் வராது.

அதனால் வேகமாகப் போகிறேன். இரவு பதினொரு மணிக்கும் குழுவில் செய்தி போடுவேன். யாராவது 'இந்த வாரம் முடியாது' என்றால் அந்தப் பகுதியை வாங்கி நானே வாசித்துவிடுவேன். வாசிப்பு சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். கேட்கப்போகிற பிள்ளைக்கு அது பரீட்சை, இதில் தாட்சண்யம் எதற்கு? ஆரம்பத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒவ்வொருவராகப் பேச்சைக் குறைத்தார்கள், பிறகு வராமலே போய்விட்டார்கள்.

கடைசியாக நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. எங்களுக்கு நிதி தரும் அமைப்புக்கு ஆண்டறிக்கை தயாரித்தேன். முடித்த நூல்களின் பட்டியலில், வாசிப்பும் தொகுப்பும் முடிந்து பிழைபார்ப்பு மட்டும் பாக்கியிருந்த சில நூல்களையும் சேர்த்திருந்தேன். சீக்கிரமே முடியப்போகிறவைதான். பட்டியல் சிறியதாக இருந்து நிதி நின்றால் எல்லாமே நின்றுவிடும். பிழைபார்ப்பைக் கவனிக்கும் பெண், என்னைவிட மிகவும் இளையவள், "அக்கா, இவை முடிந்த புத்தகங்கள் இல்லை. அறிவியல் புத்தகத்தில் படங்களுக்குக் கொடுத்த விளக்கம் பல இடத்தில் தப்பாக இருக்கிறது. அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றாள். எல்லோரும் இருந்த கூட்டத்தில் "நீ விதிமுறை பேசிக்கொண்டே இரு, பிள்ளைகள் காத்திருக்கட்டும்" என்றேன். மறுநாள் அவள் விலகிவிட்டாள். அறிக்கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நெருங்கிய தோழி சொல்கிறாள், "உனக்கு இருக்கிற ஆர்வம் எல்லோருக்கும் இருக்காது, நீதான் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்" என்று. எப்படிக் குறைப்பது? நான் ரெண்டு நாள் கவனிக்காவிட்டாலே எதுவும் நகர்வதில்லை. பேசாமல் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரி,

பொறுப்பை விட வேண்டாம். ஆர்வத்தையும் குறைக்க வேண்டாம். உங்கள் தோழி அன்பினால்தான் சொன்னார், ஆனால் உயிராக நினைக்கிற ஒன்றைக் 'கொஞ்சம் கம்மியாக' நினை என்று மனத்துக்குக் கட்டளை போட யாராலும் ஆகாது. உங்களிடம் நான் கேட்பது வேறு. 'இங்கே நில்லுங்கள்' என்று உங்களைத் தடுக்கும் அதிகாரத்தைக் குழுவில் இன்னொருவர் கையில் கொடுங்கள். பெயரளவுக்கு அல்ல, உண்மையாகவே.

கனடாவின் உளவியலாளர் ராபர்ட் வாலரண்டும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தீவிர ஆர்வத்தை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்றில், நாம் ஒரு செயலை மனமுவந்து ஏற்றிருப்போம். அது வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போகும், வேண்டும்போது அதை இறக்கி வைக்கவும் முடியும். மற்றதில் பிடி நம் கையில் இருக்காது. நம்முடைய மதிப்பே அந்தச் செயலோடு பின்னிக்கிடக்கும். அது நின்றால் மனம் அலைபாயும், கெடுதல் தெரிந்தாலும் விட முடியாது. உழைப்பும் அக்கறையும் இரண்டிலும் நிறைய இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: யாராவது மறுத்துப் பேசும்போது இவர் காதில் என்ன விழுகிறது?

அந்தப் பெண் சொன்னது, படவிளக்கம் தப்பாக இருக்கிறது என்று. உங்கள் காதில் விழுந்தது, பிள்ளைகள் காத்திருந்தால் எனக்கென்ன என்று. அவர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. 'இந்த வாரம் முடியாது' என்பவரும் அதையே சொல்வதாகத்தான் உங்களுக்குப் படுகிறது. ஏன் என்பதற்கான விடை உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் வெளியூர் போனது படிப்பதற்கு. ஓர் இளம்பெண் தன் படிப்பைத் தொடர்ந்ததில் குற்றம் எதுவும் இல்லை. உங்கள் தம்பியின் படிப்பு நின்றதற்குக் காரணம் அக்கா ஊரில் இல்லாதது அல்ல, அவர் படிக்கக்கூடிய வடிவத்தில் புத்தகங்கள் இல்லாதது. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்றால், அதைச் சரிசெய்ய 2013இல் மராகேஷ் நகரில் நாடுகள் கூடி ஒரு பன்னாட்டு ஒப்பந்தமே செய்ய வேண்டியிருந்தது. பதிப்புரிமை தடையாக நிற்காமல் இப்படிப்பட்ட பிரதிகளைத் தயாரிக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்த அந்த ஒப்பந்தம் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. உலகமே இவ்வளவு தாமதமாகக் கை வைத்த ஒரு குறையை, உங்கள் தனிப்பட்ட கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அதைவிடக் கவலை தருவது, அந்தக் கடனை இப்போது உங்கள் தன்னார்வலர்களிடம் வசூலிக்கிறீர்கள். அவர்கள் உங்கள் தம்பிக்கு எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. தங்கள் நேரத்தில் ஒரு பகுதியை மனமார எடுத்து நீட்டினார்கள், உங்களுக்கு அது போதாமல்தான் தெரிந்தது. எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்று தெரிகிற இடத்தில் யாரால் தொடர்ந்து கொடுக்க முடியும்? சண்டை போடாமல் மெல்ல விலகியவர்கள் உங்கள் மேல் மரியாதை வைத்திருந்தவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

தம்பியிடம் இதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? அவர் குறை சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், கேட்டதாக எழுதவில்லை. ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. அந்த நாட்களை அவர் எப்படி நினைவு வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக.

இனி அறிக்கை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிழைபார்ப்பு முடியாத நூலை முடிந்தது என்று எழுதினால் அது தவறான தகவல், சீக்கிரம் முடியப்போகிறது என்பதால் அது சரியாகிவிடாது. நேர்மையானவரான உங்களுக்கு ஏன் அது உறுத்தவில்லை என்பதுதான் நாம் பேச வேண்டியது. தன் லாபத்துக்காகக் கணக்கை மாற்றுகிறவருக்கு உள்ளே எங்கோ ஒரு முள் குத்தும். பிள்ளைகளுக்காக மாற்றுகிறவருக்கு அது குத்துவதே இல்லை, நோக்கத்தின் தூய்மை அதை மழுக்கிவிடுகிறது. பொதுக் காரியத்தில் இறங்கிய நல்லவர்கள் வழுக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான். உங்கள் அளவுக்குத் தீவிரம் உள்ளவருக்குச் சுயகட்டுப்பாடு மட்டும் போதாது என்று நான் சொல்வதும் இதனால்தான். உங்களுக்குள் எழாத உறுத்தல் அந்தப் பெண்ணுக்குள் எழுந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். குழுவின் மனசாட்சி அன்றைக்கு அவரிடம் இருந்தது.

அவர் சுட்டிக்காட்டிய விஷயத்தையும் பாருங்கள். பார்வையுள்ள பிள்ளை, பாடத்தில் ஏதோ இடித்தால் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும். உங்கள் பதிவைக் கேட்கும் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. இதயத்தின் வலப்பக்கத்தை இடப்பக்கம் என்று வாசித்துவிட்டால் அப்படியேதான் படிக்கும், அப்படியேதான் பரீட்சையிலும் எழுதும். காத்திருக்கும் பிள்ளைக்காக அன்று அந்தக் கூட்டத்தில் பேசியவர் அவர்தான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான கணக்கோ நேர்மாறாக இருந்தது. மேலும் ஆராய்ந்தபோது அவருக்குப் புரிந்தது: அந்தக் குழுக்கள் அதிகப் பிழை செய்யவில்லை, பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்றவர்கள் மறைத்தார்கள். உங்கள் குழுவில் இனிவரும் கூட்டங்களில் பிழைகள் பேசப்படுவது குறைந்தால், தயவுசெய்து அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழி சொல் வாங்கிய அந்தப் பெண்ணை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒதுங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். 1930களின் பிற்பகுதியில் குர்ட் லூயின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாக்கி மூன்று விதமான தலைமையில் வேலை செய்ய வைத்தார்கள். எல்லாவற்றையும் தானே தீர்மானித்த தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. சேர்ந்து முடிவெடுக்கப் பழகிய குழுவில் தலைவர் இல்லாதபோதும் ஏறக்குறைய அதே மாதிரி நடந்தது. மூன்றாவது தலைவர், இஷ்டம்போல் செய்யுங்கள் என்று விட்டுவிட்டவர். அந்தக் குழுவிலும் வேலை சரியாக நடக்கவில்லை. நீங்கள் ஒதுங்கினால் அந்த மூன்றாவது நிலைதான் வரும். 'நான் இல்லாவிட்டால் எதுவும் நகர்வதில்லை' என்பதை மற்றவர்களின் அக்கறைக் குறைவுக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். முடியாது என்றவரின் பகுதியை ஒவ்வொரு முறையும் நீங்களே வாங்கி முடித்தால், காலக்கெடுவை மாற்றுவதா, வேறொருவரிடம் கொடுப்பதா என்று அவர்கள் சேர்ந்து யோசிக்க வாய்ப்பு எங்கே இருந்தது?

முதலில் அறிக்கையைத் திருத்துங்கள், குழுவைக் கூட்டுவதற்கு முன்பே. பிழைபார்ப்பு முடிந்த நூல்கள் தனி, வாசிப்பு மட்டும் முடிந்தவை தனி, தாமதத்துக்கான காரணம் ஒரு பத்தி. பிழைபார்க்க ஆள் போதவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நிதி தருகிறவர்களுக்கு அது பயனுள்ள தகவல். நிதி குறையலாம். குறைந்தால் குறைந்த நிதிக்கு ஏற்ற வேலையைக் குழுவாக முடிவு செய்யுங்கள்.

பிறகு கூட்டத்தில் ஒரு விதியை முன்வையுங்கள்: பிழைபார்ப்பவர் சரி என்று சொல்லாத நூல் வெளியே போகாது, ஒருங்கிணைப்பாளர் உட்பட யாரும் அதை மீற முடியாது. எழுதி வையுங்கள். முதல்முறை அந்த விதி உங்களைத் தடுக்கும்போது உடம்பெல்லாம் பதறும். பரீட்சை நெருங்கியிருக்கும், வாதங்கள் எல்லாம் உங்கள் பக்கம் இருப்பதுபோல் தோன்றும். அப்போதும் மீறாதீர்கள். பிழைபார்த்த அத்தியாயங்களை மட்டும் முதலில் கொடுப்பது போல ஏதாவது வழி இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. உங்கள் கடிதம் முழுக்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஆனால் ஓர் இடத்திலும் அவர்கள் பேசவில்லை. எங்களைப் பற்றிய எந்த முடிவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம் என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கம் பல ஆண்டுகளாக உலகெங்கும் எழுப்பிவரும் குரல். பதிவுகளைப் பயன்படுத்தும் மாணவர்கள், முன்பு பயன்படுத்தியவர்கள் சிலரை முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று அவர்கள் சொல்லட்டும். நீங்கள் கற்பனையில் சுமக்கிற அவசரமும் அவர்களுடைய அவசரமும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம்.

இரவுச் செய்திகளை நிறுத்துங்கள், எழுதியே தீர வேண்டும் என்றால் எழுதி வைத்துக் காலையில் அனுப்புங்கள். தூக்கமின்மை நீடித்தால் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். கடிதத்தில் தீர்க்கக்கூடியது அல்ல அது.

விலகிய அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். எல்லோர் முன்னால் சொன்ன சொல்லுக்கு எல்லோர் முன்னாலேயே வருத்தம் தெரிவிக்க அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள், சிலருக்கு அது இன்னும் கூச்சத்தைத் தரும். திருத்திய அறிக்கையைக் காட்டுங்கள். ஆனால் 'திரும்பி வா' என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் வருத்தத்துக்கு அவர் விலை கொடுக்க வேண்டியதாகிவிடும். அவர் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால், அவர் இடத்துக்கு வருகிறவரிடம் அந்த விதியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.